கல்மண்டபத்துக் கிறிஸ்துமஸை மாதவரத்துக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 42. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். எட்டுக் குடும்பம், நடுவில் ஒரு முற்றம், ஒரே ஒரு அடிபம்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. டிசம்பர் பிறந்தாலே வீடு களைகட்டிவிடும். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்போம். நானும் அண்ணனும் குடில் கட்டுவோம். கேழ்வரகைத் தூவிப் புல் வளர்ப்பது என் வேலை. கல்கல் பலகாரம் உருட்டுவதற்காகவே அம்மா புதுச் சீப்பு வாங்கி வைத்திருப்பார். நள்ளிரவுப் பூசைக்கு ராயப்பர் கோயிலுக்கு நடந்தே போவோம், அப்பா ஷிப்ட் முடித்து நேராகக் கோயில் வாசலுக்கு வந்துவிடுவார். விடிந்ததும் மற்ற ஏழு வீட்டுக்கும் தட்டு போகும். 2004இல் மட்டும் மறுநாளே சுனாமி வந்தது. அம்மா வீட்டில் மிச்சமிருந்த சாப்பாட்டையும் எங்கள் புதுத் துணிகளையும் எடுத்துக்கொண்டு, காசிமேட்டு ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது.

இப்போது மாதவரத்தில் அடுக்குமாடி வீடு. மகளுக்கு 13, மகனுக்கு 8. போன வருஷம் எல்லாவற்றையும் அதேபோலச் செய்து காட்ட நினைத்து, குடிலிலிருந்து கல்கல் வரை தனியாகவே செய்தேன். பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் "கேக், பிரியாணி எல்லாம் ஆர்டர் பண்ணிக்கலாமே, ஏன் இப்படி அலட்டிக்கிற?" என்கிறார். மகனுக்கு என்ன கிஃப்ட் வரும் என்பது மட்டும்தான் கவலை. மகள் ஒருநாள், "இதெல்லாம் எதுக்கும்மா? கிறிஸ்துமஸ்னா என்னதான்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. குளியலறைக்குப் போய் அழுதேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தண்டையார்பேட்டையில் இருக்கிறார், அம்மாவின் நகை விஷயத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. என் பிள்ளைகளுக்கு உண்மையான கிறிஸ்துமஸை எப்படிக் கொடுப்பது?

— ஒரு வாசகி, மாதவரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் கல்மண்டபத்து வீட்டுக்கே மூன்று பக்கம் போயிருக்கிறது. அண்ணனுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கிறிஸ்தவள் இல்லை. வியாசர்பாடியில், கிறிஸ்துமஸ் தட்டு வந்து சேர்ந்த வீட்டில் வளர்ந்தவள். வேதத்தில் இதற்கு என்ன விளக்கம் என்றால் உங்கள் பங்குச் சாமியாரைத்தான் கேட்க வேண்டும். குடும்ப ஆலோசகராக, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த மூன்று பக்கத்தையும் இன்னொரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். கேழ்வரகு தூவினேன், சீப்பில் உருட்டினேன், தட்டு கொண்டுபோனேன், அண்ணன் ஸ்டூலில் ஏறி நட்சத்திரம் கட்ட நான் கீழே பிடித்துக்கொண்டேன். எல்லாம் நீங்கள் செய்த வேலைகள். உங்களுக்கு என்ன பரிசு கிடைத்தது என்று ஓரிடத்தில்கூட இல்லை. கிடைக்காமலா இருந்திருக்கும்? நினைவில் தங்கவில்லை, அவ்வளவுதான். இப்போது போன வருஷத்துக்கு வாருங்கள். குடில் நீங்கள் கட்டினீர்கள், பலகாரம் நீங்கள் சுட்டீர்கள், நட்சத்திரத்தையும் நீங்களே மாட்டினீர்கள். பிள்ளைகளுக்கு என்ன வேலை மிச்சம் இருந்தது? பார்ப்பது மட்டும்தான். வேடிக்கை பார்ப்பதென்றால் போனில் இதைவிட நல்ல வேடிக்கை இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அம்மா உங்களுக்காகக் கிறிஸ்துமஸை நடத்திக் காட்டவில்லை. அவருக்கு ஆள் தேவைப்பட்டது. எட்டு வீட்டு முற்றத்தில், பலகாரச் சீட்டுப் பணத்தில், ஒற்றை அடுப்பில் ஒரு டின் கல்கல் சுட வேண்டுமென்றால் உருட்டிப் போட இரண்டு பிள்ளைகளாவது வேண்டும். உதவாவிட்டால் வேலை முடியாது என்பது உங்களுக்கும் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. தாம் இல்லாமல் இது நடக்காது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற இடத்தில்தான் நினைவு ஆழமாகப் பதிகிறது. இதை நான் எந்த மதத்துப் பண்டிகைக்கும் சொல்வேன். தீபாவளிக்கு முறுக்கு பிழிந்த பிள்ளைக்கும் ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சித் தூக்கு சுமந்த பிள்ளைக்கும் இதே கதைதான்.

ஆகவே இந்த வருஷம் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். பிரியாணியை ஆர்டர் செய்யுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் கணவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு பலகாரம், ஒரு குடில், ஒரு நட்சத்திரம் போதும். ஆனால் அந்த மூன்றையும் நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது.

பலகாரத்துக்குக் கல்கல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அச்சு முறுக்கு பிள்ளைகளுக்குச் சரிப்படாது. கொதிக்கிற எண்ணெயில் அச்சைப் பிடித்து உதறுகிற வேலை அது. கல்கல்லில் அடுப்படிக்கு வெளியேதான் பாதி வேலை. மைதா, முட்டை, தேங்காய்ப்பால், கொஞ்சம் நெய் போட்டு நீங்கள் மாவு பிசைந்து கொடுத்துவிடுங்கள். அப்புறம் தரையில் செய்தித்தாள் விரித்து எல்லோரும் உட்காருங்கள், கணவரும்தான். சுண்டைக்காய் அளவு உருண்டையைப் புதுச் சீப்பின் பல் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்திச் சுருட்ட வேண்டும். முதல் இருபது முப்பது கோணலாகத்தான் வரும். உங்கள் மகன் நண்டு, ரயில் என்று எதையாவது செய்வான். செய்யட்டும், அதையும் சேர்த்தே பொரியுங்கள். கை மாவாக இருக்கும்போது போனைத் தொட முடியாது என்பது கூடுதல் லாபம். சுட்ட பிறகு சர்க்கரைப் பாகில் புரட்டும்போது ஒரு மணம் வரும் பாருங்கள், அதற்கு இணை கிடையாது. மற்றப் புலன்களைவிட மணத்துக்கு மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளோடு நெருக்கம் அதிகம். இருபது வருஷம் கழித்து உங்கள் மகள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த மணம் அவளைப் பிடித்து இழுக்கும்.

குடில் மகன் பொறுப்பு. கடையில் விற்கும் பளபளப்பான ரெடிமேட் குடிலை வாங்கிவிடாதீர்கள். குடில் வைக்கும் வழக்கத்துக்கு வழிகாட்டியவர் என்று அசிசி நகர் புனித பிரான்சிஸைச் சொல்வார்கள். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அவர் அமைத்த குடிலில் நிஜ வைக்கோலும், நிஜ மாடும் கழுதையும் இருந்தன. மாதவரத்து மூன்றாவது மாடியில் மாட்டை ஏற்ற முடியாது, சரி. கேழ்வரகு தூவலாமே. பத்து நாள் முன்னாலேயே பழைய தட்டில் மண் பரப்பித் தூவி, தினமும் தண்ணீர் தெளிப்பது அவன் வேலை. மறந்துவிட்டு ஒருநாள் காய்ந்துபோனால் நீங்கள் போய்க் காப்பாற்றாதீர்கள். புல் இல்லாத குடிலும் குடில்தான். இருபத்துநாலாம் தேதி ராத்திரி பூசை முடிந்து வந்ததும் குழந்தை இயேசு சுரூபத்தை அவன் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். அதுவரை தீவனத் தொட்டி காலியாகவே இருக்கட்டும்.

நட்சத்திரம் கணவருக்கு. ஒயர் இழுத்து பால்கனியில் தொங்கவிடுவதை ஆர்டர் போட்டு வாங்க முடியாது.

பரிசைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எட்டு வயதுப் பையன் கிஃப்ட் கேட்பது வயசுக்கு ஏற்றதுதான். அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தாவின் பழைய கதையைச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இப்போதைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்தில் நிக்கோலஸ் என்று ஓர் ஆயர், அதாவது பிஷப், இருந்தார். கொடுப்பது யாரென்று தெரியாமல் உதவி செய்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. "இந்த வருஷம் நம்ம அபார்ட்மென்ட்ல யாருக்கும் தெரியாம ஒருத்தருக்கு நீ தாத்தாவா இரு" என்று சொல்லிப் பாருங்கள். ரகசியம் என்றால் அந்த வயதுக்குக் குஷி. யாருக்கு என்று அவனே முடிவு செய்யட்டும். வாட்ச்மேனா, கார் துடைக்கிற பையனா, அது அவன் பாடு.

அடுத்தது தட்டு. வாங்கிய வீட்டுப் பெண்ணாக எனக்கு இதில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. எங்களுக்குத் தட்டு அனுப்பிய அக்காவுக்கு எங்கள் வீட்டுச் சமாசாரம் எல்லாம் அத்துப்படி. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் என் அம்மா கறி தொடமாட்டார். அந்த வருஷம் தட்டில் கேக்கும் வாழைப்பழமும் மட்டும் வரும், பிரியாணி மறுநாள் தனியாக வந்து சேரும். நாங்கள் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பொங்கலன்று எங்கள் தட்டு அங்கே போகும். இது பலகாரப் பரிமாற்றம் மாதிரி தெரியும். ஆனால் எதிர்வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் இந்த வருஷம் சாவு, யார் விரதம் என்றெல்லாம் தெரிந்திருந்தால்தான் ஒரு தட்டைச் சரியாக அடுக்க முடியும்.

உங்கள் மாடியில் எதிர்வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியுமா? தெரியாதென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே மகளை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். "ஆன்ட்டி, நீங்க முட்டை சேர்ப்பீங்களா? கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கணும்" என்றால் போதும். பதிமூன்று வயதில் அந்நியர் வீட்டு மணியை அடிப்பது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும், முகத்தைச் சுளிப்பாள். பரவாயில்லை. முட்டை சேர்க்காதவர்களுக்குப் பழமும் முட்டையில்லாத கேக்கும் வைத்துவிடலாம். முற்றம் இல்லையென்று எழுதியிருந்தீர்கள். லிப்டும் மாடிப்படியும் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.

மகள் கேள்விக்கு வருவோம். அவள் உங்களைக் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறாள். உங்களுக்குப் பதில் வரவில்லை என்பதில்தான் எனக்கு ஆச்சரியம். கடிதத்தில் நீங்களே இரண்டு பதில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று, உங்கள் அப்பா. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் எனக்கே ஓரளவு பாடம், பள்ளிக்கூட நாடகத்தில் ஆட்டிடையனாக நின்றிருக்கிறேன். விடுதியில் இடமில்லை, குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். சேதி முதலில் போனது அரண்மனைக்கு இல்லை. ராத்திரி முழுக்க வெளியில் தங்கி ஆட்டுக் கிடையைக் காவல் காத்தவர்களுக்கு. நைட் ஷிப்ட்காரர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். துறைமுக வேலை முடிந்து, உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் கோயில் வாசலுக்கு வந்து நின்ற உங்கள் அப்பாவை வைத்து அந்த அதிகாரத்தை மகளுக்குச் சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றிய கதை என்றால் காது கொடுப்பாள்.

இன்னொன்று 2004. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. உங்கள் அம்மா யோசிக்கவில்லை, ஒருநாள்கூட முழுசாக உடுத்தாத உங்கள் புதுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குக் கோபம் வந்தது என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் சொல்லும்போது அந்தக் கோபத்தை விட்டுவிடாதீர்கள். பாட்டி நல்லவர் என்று மட்டும் சொன்னால் அது பாடப்புத்தகம். "எனக்குப் பிடிச்ச பாவாடை தாவணியைக் கொடுத்துட்டாங்க, ரெண்டு நாள் பேசல" என்று எதையாவது சொன்னால் அவளுக்கும் அதில் நுழைய இடம் கிடைக்கும். என்ன துணி, என்ன நிறம் என்று உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

அதோடு விட்டுவிடுங்கள். "அதனால்தான் கிறிஸ்துமஸ் என்றால்..." என்று தொடங்காதீர்கள், எழுந்து போய்விடுவாள். நம் பக்கத்தில் டிசம்பர் என்றால் பண்டிகையோடு வெள்ளமும் வந்துவிடுகிறது. 2015இல் வந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து, மீன்பிடிக் குடும்பங்கள் பிழைப்பில்லாமல் அந்தக் கிறிஸ்துமஸைக் கழித்தன. உங்கள் மகள் விவரம் தெரிந்த பிறகு நடந்தது அது, அவளுக்கே நினைவிருக்கலாம். இந்த வருஷத்துக்கு என்று ஒரு தொகையை அவள் கையில் கொடுத்து, யாருக்கு, எப்படி என்று அவளையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். அவள் தேர்வு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். குறுக்கே போகாதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. கல்மண்டபத்துக் கிறிஸ்துமஸில் கறையே இல்லை, உங்கள் கடிதத்தின்படி. கெட்ட சம்பவங்களின் கசப்பு, நல்ல சம்பவங்களின் இனிப்பைவிடச் சீக்கிரம் மங்கிவிடும் என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். சீட்டுப் பணம் பற்றாமல் அம்மா கைமாற்று வாங்கியிருப்பார். அடிபம்பில் சண்டை நடந்திருக்கும். இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டு படுத்திருப்பார். நினைவைக் கெடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மங்கிப்போனவற்றை விட்டுவிட்டு மிச்சத்தோடு உங்கள் வீட்டை ஒப்பிட்டால் உங்கள் வீடு தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

அம்மா போன பிறகு பண்டிகை நாளில் அழுகை வருவது சகஜம். இரண்டு வருஷம் ஒன்றும் பெரிய காலமில்லை. குளியலறைக்குள் போய் அழ வேண்டியதில்லை, "பாட்டி ஞாபகம் வந்துடுச்சு" என்று பிள்ளைகள் முன்னாலேயே அழலாம். ஆனால் ஜனவரி பிறந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால் அது வேறு. அப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416க்குப் போன் செய்யலாம். அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

சரி, அண்ணன்.

நீங்கள் விவரித்த எல்லாக் காட்சியிலும் அவர் இருக்கிறார். குடில் கட்டியவர், ஸ்டூலில் ஏறியவர், கல்கல்லைத் திருடித் தின்றவர். கல்மண்டபத்து வீடு இப்போது உங்கள் இருவரின் தலைக்குள்தான் இருக்கிறது, அதில் பாதி அவரிடம். மாதவரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் ஒன்றும் காத தூரமில்லை. தாய்மாமன் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களே.

நகையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. நகைப் பேச்சையும் பண்டிகைப் பேச்சையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்தால் போதும். கல்கல் உருட்டுவதற்கு முந்தின நாள் அண்ணிக்குப் போன் போடுங்கள். அண்ணனுக்கு நேராகப் போட்டால் இரண்டு பேருமே முறுக்கிக்கொள்வீர்கள். "அண்ணி, நாளைக்குக் கல்கல் போடறோம், பிள்ளைங்களை அனுப்புங்க, உருட்ட ஆள் பத்தல" என்று சொன்னால் போதும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். உருட்ட ஆள் பற்றவில்லை என்பது பொய்யும் இல்லை.

அனுப்பவில்லையென்றால் மனம் ஒடிந்துபோகாதீர்கள். இருபத்தைந்தாம் தேதி காலையில் மற்ற வீடுகளுக்குப் போவதுபோல அவர் வீட்டுக்கும் தட்டு போகட்டும். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் கொண்டுபோகட்டும், கணவர் வண்டியில் விட்டுவிட்டுக் கீழேயே நிற்கலாம். மாமா கதவைத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டால் அன்றைக்கு அது போதும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாரா, என்ன கேட்டார், முகம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் குடையாதீர்கள்.

நகையை ஜனவரியில் பேசிக்கொள்ளலாம், பொங்கல் கழியட்டும். பேசும்போது மூன்றாம் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். அது உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவராக இருந்தால் நல்லது, சித்தப்பாவோ பங்குச் சாமியாரோ. யாரும் அமையவில்லையென்றால் அண்ணனோடு என்னிடமே வாருங்கள். வரும்போது அம்மாவின் நகை ரசீதுகள் யாரிடம் இருந்தாலும் கையில் எடுத்து வாருங்கள்.